மகன் அரசியல் மீம் போடுகிறான், தடுப்பதா விடுவதா?

கொருக்குப்பேட்டைக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார். மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. நண்பர்கள் நாலைந்து பேரோடு சேர்ந்து இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் நடத்துகிறான். கொடுங்கையூர் குப்பை எரிஉலை, எண்ணூர் சாம்பல், மணலி நாற்றம், மழை விட்ட பிறகும் வடியாத சுரங்கப்பாதை என்று எல்லாவற்றுக்கும் மீம். "நானெல்லாம் அந்தக் காலத்தில் விடிய விடிய சுவரில் சின்னம் வரைந்தவன், பசை வாளியைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போஸ்டர் ஒட்டினவன். இவன் கட்டிலில் படுத்துக்கொண்டே போனைத் தேய்க்கிறான். கேட்டால் இதுவும் அரசியல்தான்ப்பா என்கிறான். இதெல்லாம் அரசியலா? இதனால் எங்கேயாவது ஏதாவது நடந்திருக்கிறதா?" என்பது அவர் கேள்வி. கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "கேஸ் கீஸ் எதுவும் வராதே?" எனக்கென்னவோ அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வியாகத் தெரிகிறது. ஆனாலும் வரிசையாகவே பதில் சொல்கிறேன். கேஸ் வருமா வராதா என்பது அவன் எந்த மாதிரி மீம் போடுகிறான் என்பதைப் பொறுத்தது.

நான் தண்டையார்பேட்டையில் வளர்ந்தவன். ராயபுரத்தில் ஒரு கடையில் ஃபிளெக்ஸ் பேனர் டிசைன் செய்து பிழைத்தேன். அப்புறம் பல வருடங்களாகக் கல்லூரியில் விஸ்காம் பாடம் நடத்துகிறேன். என் வகுப்பில் பாதிப் பேர் ஏதாவது ஒரு மீம் பக்கத்துக்கு அட்மினாக இருப்பார்கள். நான் வக்கீல் இல்லை. சட்டத்தைப் பற்றிக் கீழே எழுதியிருப்பது தீர்ப்புகளைப் படித்தும், மாணவர்களுக்காக வக்கீல்களோடு ஸ்டேஷன் வாசலில் காத்துக் கிடந்தும் தெரிந்துகொண்டது. பொதுவாகப் புரிந்துகொள்ள உதவும், உங்கள் மகனுக்கென்று ஒரு வழக்கு வந்தால் போதாது.

அரசியலா என்றால், அதில் சந்தேகமே வேண்டாம். 1918-ல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களை வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியதும், 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் திமுகவின் தொடக்கக் கூட்டம் நடந்ததும் நம் பக்கத்தில்தான். அப்போது மேடையிலும் பாட்டிலும் செய்ததை உங்கள் தலைமுறை சுவரில் செய்தது. எதிர்க்கட்சித் தலைவரைக் கழுதையாக வரைந்து கீழே ரெண்டு வரி கிண்டல் எழுதினீர்களே, அது மீம் இல்லாமல் வேறென்ன? ஒரு வித்தியாசம் இருக்கிறது. தேர்தலுக்கு ஒரு வருடம் முன்பே வெள்ளையடித்து, கட்சிப் பெயரைப் போட்டு 'ரிசர்வ்டு' என்று எழுதி வைப்பீர்கள். அந்தச் சுவர் யாருடையது, எந்த வட்டச் செயலாளர் காசு கொடுத்தார், யார் கை வரைந்தது என்று தெருவுக்கே தெரியும். மீமில் அது எதுவும் தெரியாது. கட்டிலில் படுத்துக்கொண்டு செய்கிறான் என்பதைவிட இதைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டும். பின்னால் வருகிறேன்.

மீமுக்கு என்ன சக்தி என்பதில் அடித்துச் சொல்லக்கூடியது அதன் வேகம் மட்டும்தான். 2019 மே கடைசியில் நேசமணிக்காக உலகமே பிரார்த்தனை செய்தது நினைவிருக்கும். பாகிஸ்தானிலிருந்து நடத்தப்பட்ட ஒரு கட்டுமானப் பொறியியல் முகநூல் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு, இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று கேட்டிருந்தார்கள். நம் ஆள் ஒருவர் போய், இது தலையில் விழுந்துதான் காண்டிராக்டர் நேசமணிக்கு அடிபட்டது என்று வடிவேலுவின் பாத்திரத்தை இழுத்துவிட்டார். பிரதமர் இரண்டாம் முறை பதவியேற்கும் நேரத்தில் ட்விட்டரில் உலக அளவில் டிரெண்டிங் ஆனவர் நேசமணி. அது உள்குத்தா வெறும் விளையாட்டா என்று அப்போதே சண்டை. எனக்கு அது விளையாட்டு என்றுதான் படுகிறது. ஆனால் அந்த இரண்டு நாளில் பையன்களுக்கு ஒன்று தெரிந்துபோனது. வடிவேலு முகம் ஒன்று இருந்தால் போதும், பத்தி பத்தியாக விளக்க வேண்டாம். பார்ப்பவனுக்கு வசனம் முன்பே மனப்பாடம், சூழ்நிலையை மட்டும் மாற்றிப் போட்டால் மிச்சத்தை அவனே நிரப்பிக்கொள்வான்.

வேகம் என்பது ஆள் பலம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. 2018 ஏப்ரல் 12-ல் ராணுவக் கண்காட்சிக்குப் பிரதமர் சென்னை வந்தபோது காவிரிக் கோபத்தில் 'கோ பேக் மோடி' டிரெண்டிங் ஆனது. அன்று கறுப்புக் கொடியும் கறுப்பு பலூனும் வெளியே கண்ணுக்குத் தெரிந்ததால் அதன் பின்னால் ஆட்கள் இருந்தார்கள் என்று சொல்லலாம். அடுத்த வருடம் வந்தபோது வரவேற்பு ஹேஷ்டேக் ஒன்றும் போட்டிக்கு ஓடியது. ஒரே கணக்கு ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் போட்டுத் தள்ளினாலும் டிரெண்டிங் ஏறும். ஆகவே உங்கள் பையன் வந்து "ஒரு லட்சம் ரீச்ப்பா" என்றால், சரி என்று கேட்டுக்கொள்ளுங்கள், கூடவே "அதில் நம்ம ஏரியாக்காரன் எத்தனை பேர்?" என்று கேளுங்கள்.

ஒரு மீம் எப்போது வேலை செய்தது என்பதற்கு நான் வகுப்பில் எப்போதும் எடுக்கும் உதாரணம் எண்ணூர் பக்கெட். 2017 ஜனவரி 28 விடியற்காலை காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. பெரிய பாதிப்பில்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். அடுத்தடுத்த நாளில் எர்ணாவூர் கரையில் தார் மாதிரி எண்ணெய்க் கசடு ஒதுங்கியது. மீனவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் கடலோரக் காவல்படையும் வரிசையில் நின்று பிளாஸ்டிக் பக்கெட்டில் அள்ளி அள்ளிக் கொட்டினார்கள். அந்தப் படம் போதுமானதாக இருந்தது. செவ்வாய்க்கு விண்கலம் அனுப்பிய நாடு ஒரு பக்கம், பச்சை பக்கெட் இன்னொரு பக்கம். இதைப் போட்டவன் கற்பனையாக ஒரு எழுத்தும் சேர்க்கவில்லை. "பாதிப்பில்லை" என்ற அறிக்கையையும் பக்கெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான், அவ்வளவுதான். மறுக்க இடமே இல்லை. வடசென்னையில் என்ன நடந்தாலும் உள்ளூர்ப் பக்கத்தில் நாலு வரிச் செய்தியாக முடிந்துவிடும் காலத்தில், அந்தக் கசடு நாடு முழுக்கப் பேசப்பட்டதற்கு பக்கெட் ஒரு முக்கியக் காரணம் என்று நம்புகிறேன். ஒரே காரணம் என்று சொல்ல மாட்டேன், தொலைக்காட்சிகளும் அங்கேதான் நின்றன.

ஆனால் அந்தச் சிரிப்பால் மாறியது என்ன? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் கிளம்பி, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்துக்கு வந்து சேர்ந்தது. படகிலும் வலையிலும் வீட்டுச் சுவரிலும் கறுப்பு. ஆறு வருடம் கழித்தும் அதே மீனவர்கள், அதே பக்கெட், குடம். நாட்டையே சிரிக்க வைத்த மீம் ஒரு எண்ணெய் உறிஞ்சும் கருவியை எண்ணூரில் தயாராக நிறுத்தி வைக்க உதவவில்லை. இதை உங்கள் மகனிடம் சொல்லுங்கள். அவனை மட்டம் தட்ட வேண்டாம், அடுத்த படி என்ன என்று அவனே யோசிக்க இது நல்ல இடம்.

அடுத்த படி இருந்ததற்கும் உதாரணம் உண்டு. 2020-ல் ஊரடங்கு நேரத்தில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளை மாற்ற மத்திய அரசு ஒரு வரைவு வெளியிட்டது. எண்பது பக்கத்துக்கு மேல் சட்ட மொழி, யார் படிப்பது? பிள்ளைகள் அதை உடைத்துத் தமிழில் எழுதினார்கள், மீமாகப் போட்டார்கள், ஒவ்வொரு படத்துக்கும் அடியில் கருத்து அனுப்ப வேண்டிய மின்னஞ்சல் முகவரியையும் கடைசித் தேதியையும் போட்டார்கள். ஆகஸ்ட் 11-க்குள் நாடு முழுவதிலிருந்தும் லட்சக்கணக்கில் கடிதங்கள் குவிந்தன. அந்த வரைவு பிறகு அந்த வடிவத்தில் இறுதி அறிவிக்கையாக வரவில்லை. அதிலிருந்த தளர்வுகளில் சில தனித்தனி உத்தரவுகளாகப் பின்வாசல் வழியாக வந்துவிட்டன என்று சுற்றுச்சூழல் வக்கீல்கள் சொல்வார்கள், அதுவும் உண்மைதான். மின்னஞ்சல் அனுப்பத் தூண்டிய இளைஞர் அமைப்பு ஒன்றின் இணையதளம் முடக்கப்பட்டது. டெல்லி போலீஸ் அவர்களுக்கு தீவிரவாதிகள் மீது போடும் உபா சட்டத்தைச் சுட்டி நோட்டீஸ் அனுப்பி, பிறகு தவறுதலாக அனுப்பிவிட்டோம் என்று திரும்பப் பெற்றது. மின்னஞ்சல் அனுப்பியதற்கு உபாவா என்று அதற்கும் மீம் போட்டார்கள் என்பது வேறு கதை.

இன்னொன்று நம் பக்கத்திலேயே நடந்தது, நான் கிட்டே இருந்து பார்த்தது. 2022-ல் திருவொற்றியூர், மணலி சுற்றுவட்டாரத்தில் ராத்திரியானால் ஒரு வாயு நாற்றம். கண் எரியும், குழந்தைகளுக்கு இருமல். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புகார் போனால், எந்த ஆலையிலிருந்து வருகிறது என்று எப்படிச் சொல்வது என்பார்கள். என் மாணவர்கள் சிலர் ஒரு மீம் போட்டார்கள். வரிசையாக ஆலைகள், ஒவ்வொன்றும் வடிவேலு முகத்தோடு "நான் இல்லீங்க", "சத்தியமா நான் இல்ல", "நான் லீவுங்க" என்கிறது. கடைசிக் கட்டத்தில் தெருவில் பாய் விரித்துப் படுத்திருக்கும் ஊர்க்காரன்: "அப்போ நான்தான் விட்டனா?" கொச்சைதான், ஆனால் வாரியத்தின் பதிலை அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லவில்லை.

சிரிப்பு முடிந்த பிறகு நடந்ததுதான் முக்கியம். கீழே கமென்டில் ஆட்கள் தானாகவே எழுத ஆரம்பித்தார்கள். எர்ணாவூர் 11.20, இப்போ அடிக்குது. விம்கோ நகர் 11.40. சத்தியமூர்த்தி நகரில் பன்னிரண்டுக்கு மேல். பசங்களில் ஒருத்தி, நல்ல பொறுமைசாலி, அதையெல்லாம் தேதி, நேரம், தெரு என்று ஒரு தாளில் அட்டவணை போட்டாள். அன்றன்று காற்று எந்தத் திசையில் அடித்தது என்று வானிலை மையத் தகவலைப் பார்த்துப் பக்கத்தில் சேர்த்தாள். அந்தத் தாள் குடியிருப்போர் சங்கத்தின் மனுவோடு இணைப்பாகப் போனது. வாரியம் ஒரு தொழில்நுட்பக் குழு போட்டு ஆய்வு செய்தது. எங்கள் தாளைப் பார்த்துத்தான் குழு போட்டார்கள் என்று நான் உரிமை கொண்டாடத் தயாரில்லை. பல சங்கங்கள் புகார் கொடுத்தன, பத்திரிகைகள் எழுதின, பசுமைத் தீர்ப்பாயமும் கேட்டது. ஆனால் "நாத்தம் அடிக்குது சார்" என்ற வாய்ப் புகாரும், தெருவாரியாக நேரம் போட்ட தாளும் அதிகாரி மேஜையில் ஒன்றாக எடைபோடப்படுவதில்லை என்பதை நேரில் பார்த்தேன். அந்தத் தாளுக்கு ஆட்களைக் கூட்டி வந்தது அந்த மீம்.

ஆகவே "ஏதாவது நடந்திருக்கிறதா" என்ற கேள்விக்கு என் பதில்: மீமுக்குக் கீழே ஒரு மனுவோ, தேதியோ, போய் நிற்க ஓர் இடமோ இருந்த இடங்களில் நடந்திருக்கிறது. மற்ற இடங்களில் சிரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நிரூபணம் கேட்டால் திணறுவேன். காட்டுப்பள்ளி துறைமுக விரிவாக்கத்துக்கான கருத்துக் கேட்புக் கூட்டம் 2021-லும் 2023-லும் தள்ளிப்போனது. இரண்டு முறையும் மீனவ கிராமங்கள் கொதித்துப் போயிருந்தன, சமூக ஊடகத்திலும் பிரசாரம் நடந்தது. இதில் மீமின் பங்கு எத்தனை என்று பிரித்துச் சொல்ல எந்த அளவுகோலும் கிடையாது. சொல்கிறேன் என்று ஒருவர் வந்தால் அவர் ஏதோ விற்க வந்திருக்கிறார் என்று பொருள். 2025-ல் கொடுங்கையூர் எரிஉலைக்கு எதிராக மனிதச் சங்கிலி நடந்தபோதும் அதே கதைதான். மீம் பார்த்து வந்தவர்கள் இருந்தார்கள், ஆனால் தெருத்தெருவாகக் கதவைத் தட்டிக் கூப்பிட்டது குடியிருப்போர் சங்கங்கள்.

இனி, இணையத்தில் மீம் அரசியலைப் புகழ்பவர்கள் சொல்லாமல் விடும் ஒன்று. வடசென்னைக்காரன் மீம் போடுகிறவன் மட்டும் இல்லை, பல நேரம் மீமே அவன்தான். 'புள்ளிங்கோ' என்று ஒரு அலை வந்ததே. முடிக்குக் கலர் அடித்த பையன், பைக், கானா, கூட்டமாக ஒரு செல்ஃபி, கீழே நக்கல். போட்டவர்களில் பெரும்பாலோர் இந்தப் பக்கம் பாலத்தைத் தாண்டி வராதவர்கள். நம் பேச்சு, நம் உடை, நம் தெருப் பெயர் எல்லாமே அவர்களுக்கு டெம்ப்ளேட். அதற்குப் பின்னால் வர்க்கமும் சாதியும் இருந்தது என்று சொன்னால், காமெடியைக் காமெடியாகப் பார்க்கத் தெரியாதா என்பார்கள். நம் பசங்க அந்தப் பெயரையே எடுத்துத் தங்கள் குழுவுக்கு வைத்துக்கொண்டு பதிலடி கொடுத்தார்கள், அது தனி அழகு.

உங்கள் தொகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017 ஏப்ரலில் பணப் பட்டுவாடா புகாரால் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் ரத்தானது. டிசம்பரில் நடந்தபோது குக்கர் சின்னத்தில் தினகரன் 40,000 வாக்குகளுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். 20 ரூபாய் நோட்டை டோக்கனாகக் கொடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டு கிளம்பியதும் மீம் மழை கொட்டியது. அதில் காசு கொடுத்ததாகச் சொல்லப்பட்டவர்களைக் கிண்டல் செய்தது கொஞ்சம். 20 ரூபாய்க்கு ஓட்டை விற்றவர்கள் என்று கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பெண்களைக் கேலி செய்தது ஏராளம். லாரித் தண்ணிக்குக் குடத்தோடு நிற்கிறவளைப் பார்த்துச் சிரிப்பதும் அரசியல்தான், யாருக்கான அரசியல் என்பதுதான் கேள்வி. என் வகுப்பில் நான் போடும் முதல் விதி இது: சிரிப்பு யார் தலையில் விழுகிறது பார். கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ளவன் தலையில் விழுந்தால் போடு, குடம் தூக்குகிறவள் தலையில் விழுந்தால் அழித்துவிடு.

ஜல்லிக்கட்டுப் போராட்டத்தைப் பற்றி எல்லோரும் பெருமையாகப் பேசுகிறோம், பேசலாம். 2017 ஜனவரியில் வாட்ஸ்அப்பும் மீமும் சேர்ந்துதான் அத்தனை கூட்டத்தை மெரினாவில் கொண்டுபோய் நிறுத்தியது, சட்டமும் வந்தது. ஆனால் 23-ம் தேதி போலீஸ் கூட்டத்தைக் கலைத்தபோது தப்பி ஓடி வந்தவர்களுக்கு இடம் கொடுத்த நடுக்குப்பத்தில் மீன் சந்தை எரிந்தது. போலீஸார்தான் எரித்தார்கள் என்று அந்தப் பெண்கள் குற்றம்சாட்டினார்கள். அவர்களுக்காக வந்த மீம் எத்தனை என்று தேடிப் பார்த்தால் மனம் கசக்கும். அடிபடும்போது குப்பத்துக்காரன்தான் நிற்பான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் பையன் இருப்பதும் அந்தப் பக்கத்தில்தான்.

சரி, சுவர் விஷயத்துக்கு வருகிறேன். எல்லாக் கட்சிகளுக்கும் ஐ.டி. விங் இருக்கிறது. கொஞ்சம் ஃபாலோயர் சேர்ந்ததும் ஒரு அண்ணன் இன்பாக்ஸில் வருவார். "தம்பி, நல்லா பண்றீங்க, இந்த டெம்ப்ளேட்டையும் சேர்த்துப் போடுங்க" என்பார். முதலில் டீ, பிறகு ரீசார்ஜ், பிறகு மாதம் இவ்வளவு. பணம் வாங்கிக் கட்சி வேலை பார்ப்பது குற்றம் இல்லை, உங்கள் காலத்திலும் சுவர் வரைந்தவனுக்குக் கூலி உண்டு. ஆனால் பக்கத்தின் பெயர் ஊர்ப் பெயராக இருக்கும், உள்ளே ஓடுவது கட்சிச் சரக்காக இருக்கும். பிரச்சினை என்று வந்தால் அந்த அண்ணன் போன் எடுக்க மாட்டார். பெயரும் நம்பரும் பையனுடையது. மகனிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்தப் படத்தை நீயே செய்தாயா, யாராவது கொடுத்தார்களா என்பது.

இப்போது கேஸ். முதலில் நல்ல செய்தி. அரசைக் கிண்டல் செய்வது குற்றம் கிடையாது. பதிவு போட்டாலே பிடித்துக்கொண்டு போக உதவிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. கேலிக்கூத்து என்னவென்றால், ரத்தான பிறகும் நாட்டில் பல ஸ்டேஷன்களில் அதே பிரிவில் வழக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள், 2021-ல் உச்ச நீதிமன்றமே அதிர்ச்சி தெரிவித்தது. நம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் 2021 டிசம்பரில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் கொடுத்த தீர்ப்பு ஒன்று சுவையானது. சிறுமலைக்குச் சுற்றுலா போன ஒருவர் படத்தைப் போட்டு, துப்பாக்கிப் பயிற்சிக்குப் போனோம் என்று விளையாட்டாக எழுதினார். வாடிப்பட்டி போலீஸ் வழக்கே போட்டுவிட்டது. நீதிபதி அதை ரத்து செய்து, வேடிக்கையாகப் பேசும் உரிமை அரசியல் சாசனத்தின் பேச்சுரிமைக்குள்ளேயே இருக்கிறது என்கிற மாதிரி எழுதினார்.

கெட்ட செய்தி, நீதிமன்றத்தில் ஜெயிப்பதற்கு முன் நடப்பது. 2017-ல் கார்ட்டூனிஸ்ட் பாலா, நெல்லை ஆட்சியர் அலுவலகத் தீக்குளிப்பை வைத்து வரைந்த ஒரு படத்துக்காகச் சென்னையில் கைதாகி நெல்லைக்குக் கொண்டுபோகப்பட்டார். ஜாமீன் உடனே கிடைத்தது, ஆனால் அந்தப் பயணம் பயணம்தானே. இப்போது இந்த மாதிரி விஷயங்களில் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 353 (வதந்தி, பீதி), 196 (சமூகங்களுக்குள் பகை மூட்டுவது) ஆகிய பிரிவுகள்தான் அதிகம் வருகின்றன. ஆபாசம் என்றால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களுக்கு எடுத்த எடுப்பில் கைது கூடாது, முதலில் நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும் என்பது 2014 அர்னேஷ் குமார் தீர்ப்பிலிருந்து நடைமுறை. அந்த நோட்டீஸ் இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ன் 35(3) பிரிவின் கீழ் வரும். வந்தால் போகாமல் இருக்கக் கூடாது, தனியாகவும் போகக் கூடாது. பயந்துபோய்ப் பதிவையெல்லாம் அழித்தால், ஆதாரத்தை அழித்தான் என்று இன்னொன்று சேரும். உயர் நீதிமன்றத்தில் இலவச சட்ட உதவிக் குழு இருக்கிறது, வக்கீலுக்குக் காசில்லை என்று தயங்க வேண்டாம்.

"நான் ஃபார்வர்டுதான் பண்ணேன்" என்பது எடுபடாது. நடிகர் எஸ்.வி. சேகர் 2018-ல் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவொன்றைப் பகிர்ந்துவிட்டு, படிக்காமல் பகிர்ந்தேன் என்றார். அனுப்பிய செய்தி வில்லிலிருந்து விட்ட அம்பு, விளைவுக்கு விட்டவரே பொறுப்பு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல் சொன்னது. 2024 பிப்ரவரியில் ஒரு மாதச் சிறைத் தண்டனை விதித்தது சிறப்பு நீதிமன்றம். அவ்வளவு பிரபலமானவருக்கே அப்படி.

என் அனுபவத்தில் பையன்கள் மாட்டுவது மூன்று இடங்களில். ஒன்று, நியூஸ் கார்டு. ஏதாவது ஒரு சேனலின் லோகோவோடு, அமைச்சர் சொல்லாத ஒன்றைச் சொன்ன மாதிரி அச்சு அசலாகச் செய்வது. செய்தவனுக்கு அது கிண்டல், நாலு குரூப் தாண்டினால் அது செய்தி. அரசு முத்திரையோடு போலி உத்தரவு செய்தால் இன்னும் மோசம். இரண்டு, தலைவரை விட்டுவிட்டு அவர் மனைவி, மகள் படத்தை மார்ஃப் செய்வது. அது அரசியலே இல்லை, அதற்கு வழக்கு வந்தால் நான் கூட வர மாட்டேன். மூன்று, சாதியும் மதமும். இந்த மூன்றையும் தொடாமல், நடந்ததை நடந்தபடி வைத்து, தேதியையும் போட்டுக் கிண்டல் செய்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. தேதி முக்கியம். 2017 எண்ணெய்ப் படத்தை 2023 படம் என்று போட்டால், சொல்வது உண்மையாகவே இருந்தாலும் வதந்தி பரப்பினான் என்று சொல்ல வழி திறந்துவிடுகிறோம்.

"பெரும்பாலும்" என்று சொன்னேன். அண்ணா நகரில் ஐ.டி. கம்பெனிக்காரர் போடும் அதே மீமை வியாசர்பாடி முகவரிக்காரன் போட்டால் அதே மரியாதையோடு விசாரிப்பார்களா? என் கணிப்பு, மாட்டார்கள். கணக்கு காட்டி நிரூபிக்க முடியாது, பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். இன்னொன்று, நம் பக்கத்துப் பையன்களில் நிறையப் பேருக்குக் காவலர் தேர்வுதான் கனவு. அந்த வேலைக்கான விதிகளில் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டிருந்தாலே தகுதி போகும், சந்தேகத்தின் பலனில் விடுதலையானால்கூட அடிபடும். வழக்கை மறைத்து விண்ணப்பித்தால் அது இன்னும் மோசம். ஆக, தண்டனை கிடைக்காத ஒரு எப்.ஐ.ஆர். அண்ணா நகர்க்காரருக்குத் தலைவலி, இங்கே அது ஒரு வேலை. உங்கள் மகன் அந்தத் தேர்வு எழுதப் போகிறவனா என்று எனக்குத் தெரியாது. எழுதப் போகிறான் என்றால் இந்த ஒன்றை அவனிடம் உட்கார வைத்துச் சொல்லுங்கள், முடிவை அவன் எடுக்கட்டும்.

தடுக்க முயன்றால் வேறு பெயரில் பக்கம் தொடங்குவான், உங்களுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான் நடக்கும். அதைவிட நீங்களும் உள்ளே போங்கள். பசை வாளி தூக்கினவருக்கு ஒரு வட்டத்தில் யார் யாரைப் பிடித்தால் வேலை நடக்கும் என்று தெரியும், இருபது வயதுப் பையனுக்குத் தெரியாது. உதாரணத்துக்கு, ஒரு ஆலையோ துறைமுகமோ விரிவாக்கத்துக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டியிருந்தால், குறைந்தது 30 நாள் முன்பு ஒரு தமிழ் நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும் என்பது 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் விதி. பொடி எழுத்தில் வரும், பசங்க பேப்பர் படிப்பதில்லை, நீங்கள் படிப்பீர்கள். திட்டச் சுருக்கம் தமிழில் கலெக்டர் ஆபீஸில் பார்வைக்கு இருக்கும். அதை வாங்கி வந்து அவனிடம் கொடுங்கள், அதிலிருந்து மீம் செய்யட்டும், நாளும் இடமும் அடியில் இருக்கட்டும். கூட்டத்தன்று அவன் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு நீங்களே போங்கள். வாசலில் வருகைப் பதிவேடு இருக்கும், பெயரும் முகவரியும் எழுதச் சொல்வார்கள். கூட்ட நடவடிக்கைக் குறிப்போடு அந்தப் பதிவேடும் இணைக்கப்பட்டு மேலே போக வேண்டும், லைக் எண்ணிக்கை போகாது. பேச விரும்புகிறவர்கள் பெயரை முன்கூட்டியே கொடுத்துவிட்டால் நல்லது, நேரமாகிவிட்டது என்று மைக்கை வாங்கிவிடுவார்கள். எழுதிக் கொண்டுபோனால் இரண்டு நகல், ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.